கம்வெங்கே–ஃபோர்ட் போர்ட்டல் சாலைத் திட்டம்

மேற்கு உகாண்டாவில் உலக வங்கி நிதியுதவியுடன் நடந்த 66 கி.மீ. சாலைப்பணியில் கட்டுமானத் தொழிலாளர்கள் சிறுமியரைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கியது அம்பலமானதால் 2015 டிசம்பரில் வங்கி நிதியை ரத்து செய்தது. பள்ளிச் சிறுமியர் கருவுற்றுப் படிப்பை இழந்தனர். பிகோடி உள்ளிட்ட ஊர்களின் மக்கள் அளித்த புகாரே விசாரணைக்கு வழிவகுத்தது. வங்கியின் ஆய்வுக்குழு 2016இல் மேற்பார்வைக் குறைகளைச் சுட்டியது; அதே ஆண்டு பாலினவழி வன்முறைத் தடுப்புப் பணிக்குழு அமைந்தது. பின்னர் வந்த வழிகாட்டுதல்கள் தொழிலாளர் கையொப்பமிடும் நடத்தை விதிகள், புகார் தருபவரின் அடையாளம் காக்கும் வழிமுறை, மருத்துவ–சட்ட உதவி ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. இவற்றுள் இரண்டாவதே உயிர்நாடி: அச்சமிருந்தால் எவரும் வாய் திறப்பதில்லை. தடுப்புக் கடமையில் தவறும் ஒப்பந்ததாரர்களைத் தகுதிநீக்கும் முறை 2021இல் நடைமுறைக்கு வந்தது.