கரியும் எண்ணெயும்: கொங்கு நாட்டில் துப்பாக்கித் துப்புரவின் வரலாறு

துப்பாக்கியைத் துடைப்பதற்கென்றே தயாரித்து, குப்பியில் அடைத்து விற்கப்படும் நீர்மங்கள் பரவலாகி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. துப்பாக்கியோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே புழக்கத்தில் உள்ளது. அந்த நீண்ட இடைக்காலத்தில் குழலைக் காத்தவை அடுக்களையின் வெந்நீரும் செக்கின் எண்ணெயும் விளக்கின் மண்ணெண்ணெயும் ஆலையின் கழிவுப் பஞ்சும்தான். ஆகவே மோட்டார் பட்டறையிலும் பெயிண்டு கடையிலும் கிடைக்கும் பொருள்களால் துப்பாக்கியைத் துடைக்கும் வழக்கத்தை, அசலுக்கு ஈடாகப் பின்னாளில் வந்த மலிவு மாற்று என்று கருதுவது வரலாற்று வரிசையைப் புரட்டிப் போடுவதாகும். வெடியுப்புக் காய்ச்சிய சமவெளியும், கார்டைட் ஆலை எழுந்த நீலகிரிச் சரிவும், நூற்பாலைகளும் பேருந்துப் பணிமனைகளும் பெருகிய கோயம்புத்தூரும் அடுத்தடுத்து அமைந்த கொங்குப் பகுதியில் இந்த வரிசையைத் தெளிவாகத் தொடர்ந்து காண முடிகிறது.

துப்புரவுப் பொருளைத் தீர்மானிப்பது குழலில் தங்கும் எச்சம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஏறத்தாழ எல்லாத் துப்பாக்கிகளிலும் எரிந்தது கருமருந்து. அதாவது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு மரக்கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. இதில் முதன்மையான வெடியுப்பை, அந்த நூற்றாண்டில் கோயம்புத்தூர் மாவட்டத்திலும் உவர்மண்ணை நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சி எடுத்தனர். கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பேட்டு, கந்தகச் சேர்மங்கள் ஆகியவை அடங்கிய அந்தக் கரிப்படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஒரே இரவில் இரும்பில் துருவை ஏற்றிவிடக் கூடியது. ஆனால் அதன் பெரும்பகுதி நீரில் கரையும் உப்பு என்பதால், அதை அகற்ற எண்ணெயைவிட வெந்நீரே ஏற்றது. சூடான நீர் உப்பைக் கரைப்பதோடு குழலையும் சூடாக்கிவிடுவதால் எஞ்சிய ஈரம் தானே உலர்ந்துவிடும். அதன்பின் எண்ணெய் தடவினால் போதும். குழல்வாய் வழியே மருந்தைக் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு இன்றும் இந்த முறை பொருந்துவதற்குக் காரணம், அதில் எரியும் மருந்து மாறவில்லை என்பதே.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் படைகளில், மருந்தைக் கெட்டிக்கும் கம்பியின் முனையில் திருகுபோன்ற கொக்கி ஒன்றைப் பொருத்தி, அதில் சணல் பிசிறைச் சுற்றிக் குழலுக்குள் செலுத்தித் துடைத்தனர். வெளிப்புறத்தை மினுக்குவதற்குச் செங்கல் பொடியும் எண்ணெயும் பயன்பட்டன. பித்தளைக் குடத்தைச் செங்கல் பொடியாலும் புளியாலும் துலக்கிய வீடுகளுக்கு இந்த உத்தி புதிதல்ல. ஆனால் பாத்திரத்துக்குப் பொருந்தியது குழலுக்குக் கேடாக முடிந்தது. நாள்தோறும் தேய்த்த செங்கல் பொடி துருவோடு சேர்த்து இரும்பையும் அரித்தது. பிற்காலத்தில் குழல்களின் மேற்பரப்பைப் பழுப்பாகவோ கருநீலமாகவோ வேதிமுறையில் நிறமேற்றும் வழக்கம் பரவியபின் இந்த மினுக்கல் மறைந்தது.

எண்ணெய் என்றால் அக்காலத்தில் செக்கில் ஆடிய எண்ணெயும் விலங்குக் கொழுப்புமே. அவற்றின் தேர்வு வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நின்றுவிடவில்லை என்பதற்கு 1857 சான்று. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையில் பூசப்பட்டது மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ என்ற ஐயம் சிப்பாய்களிடையே பரவியபோது, ஆலையிலிருந்து கொழுப்புப் பூசாத தோட்டாக்களே வரும், சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் கலவையைத் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அவ்வாண்டு ஜனவரி இறுதியில் இராணுவத் தலைமை ஆணையிட்டது. தேன்மெழுகும் தாவர எண்ணெயும் அதற்கு ஈடாகப் பேசப்பட்டன. ஆணை வந்தபோது நம்பிக்கை உடைந்திருந்தது. தாவர எண்ணெய்க்கு வேதியியல் குறை ஒன்றும் உண்டு: அது காற்றுப்பட்டு மெல்ல மெல்லப் பிசினாக இறுகிவிடும், கெட்டால் அதில் உருவாகும் அமிலம் உலோகத்தைத் தாக்கும். காந்திபுரத்தை ஒட்டிய கோவை மத்திய சிறையில் வ.உ.சிதம்பரனார் 1908க்கும் 1910க்கும் இடையில் செக்கிழுத்த நாட்களில், செக்கு எண்ணெய் விளக்கிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் ஏற்கெனவே பின்வாங்கத் தொடங்கியிருந்தது.

அந்த இடத்தைப் பிடித்தது நிலத்தடியிலிருந்து வந்த கனிம எண்ணெய். பர்மாவின் ஏனாஞ்சாங் பகுதிக் கிணறுகளிலிருந்து கிடைத்து, துறைமுகத்தின் பெயரால் ரங்கூன் எண்ணெய் என்று வழங்கப்பட்ட எண்ணெயை 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் படை துருத்தடுப்பாகத் துப்பாக்கிகளுக்குப் பூசியது. 1886இல் பர்மா ஆயில் நிறுவனம் தோன்றியபின் அந்தக் கிணறுகள் பெருந்தொழிலாயின. கனிம எண்ணெய் பிசினாக இறுகுவதில்லை, எளிதில் அமிலமாவதும் இல்லை. அமெரிக்காவில் 1894இல் சைக்கிள் சங்கிலிக்காக உருவான ‘த்ரீ இன் ஒன்’ எண்ணெயும், ஜெர்மனியில் 1904ஐ ஒட்டிப் படைவீரரின் துப்பாக்கி, தோல்வார், கட்டைப்பிடி, சிறு காயம் ஆகிய அனைத்துக்கும் ஒன்றே போதும் என்ற எண்ணத்தில் பிறந்த ‘பாலிஸ்டால்’ எண்ணெயும் ஒரு செய்தியை உறுதிப்படுத்துகின்றன: துப்பாக்கி எண்ணெய் எனப்படுவது தொடக்கத்திலிருந்தே பல வேலை பார்த்த பொது எண்ணெய்தான்.

இதற்குள் எரியும் மருந்தே மாறிவிட்டது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் வினைப்படுத்திப் பெறும் வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி ஆகிய மூன்றையும் அசிட்டோன் என்னும் கரைப்பானால் பிசைந்து, கயிறுபோல இழுத்துச் செய்த புகையற்ற மருந்தான கார்டைட்டைப் பிரிட்டன் 1889இல் உருவாக்கியது. அதை இந்தியாவிலேயே தயாரிக்க நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903ஐ ஒட்டி ஆலை ஒன்று எழுந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூரை எட்டியிருந்த மலை இரயில் பாதையும் இப்பகுதிக்குத் துணையாக இருந்தது. முதல் வகைக் கார்டைட்டில் 5 விழுக்காடு இருந்த பெட்ரோலியம் ஜெல்லி, வீடுகளில் வெடிப்புக்கும் உதட்டுக்கும் தடவும் அதே வாசலின்தான். குழலுக்கு வழவழப்பூட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட அது, மருந்து கிடங்கில் கெட்டுப்போகாமல் காக்கும் நிலைப்படுத்தியாகவே பயன்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. அசிட்டோன் வெடிபஞ்சைக் கரைக்கும் என்ற அதே பண்பினால், புகையற்ற மருந்தின் எரியாத மிச்சத்தைக் குழலிலிருந்து கரைக்கவும் அது உதவியது. ஆலையில் மருந்தைச் செய்த பொருளே துப்புரவிலும் இடம்பெற்றது.

புகை குறைந்ததால் துருவும் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். தோட்டாவின் அடியில் ஊசி மோதும் இடத்திலுள்ள சிறு கேப்பில் அப்போது பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது சமையல் உப்புக்கு நெருங்கிய உறவான ஓர் உப்பாகக் குழலெங்கும் படிந்தது. எண்ணெய் உப்பைக் கரைக்காது. எண்ணெய்ப் படலத்தின் அடியிலேயே உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றது. இந்தக் காரணத்தை அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் 1920களின் தொடக்கத்தில் தெளிவாக நிறுவினார். ஆயினும் கெண்டியும் புனலும் கொண்டு லீ என்ஃபீல்டு குழலில் கொதிநீர் ஊற்றிய பிரிட்டிஷ், இந்தியப் படைவீரர்கள் அந்தத் தீர்வை அனுபவத்தில் முன்பே கண்டிருந்தனர். 1928இல் ஜெர்மனியில் அறிமுகமான ‘சினாக்சிட்’ போன்ற உப்பு விடாத கேப்புகள் பரவிய பிறகே வெந்நீருக்கு ஓய்வு கிடைத்தது.

இந்தப் படைமரபு கொங்கு நாட்டில் பலவழிகளில் ஊன்றியது. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் மெட்ராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம் உள்ளது. கோவைப்புதூரில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் நான்காம் அணி உள்ளது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படை கல்லூரிதோறும் இளைஞருக்குத் துப்பாக்கியைப் பழக்கியது. அவர்கள் கற்ற துப்புரவுக் கருவி ‘புல் த்ரூ’. ஒரு முனையில் பித்தளை எடையும் மறுமுனையில் துணி செருகும் கண்ணியும் உடைய கயிறு. அதில் செருகும் துணித்துண்டுக்குப் படைவழக்கில் ‘சிந்தி’ என்று பெயர். நான்கு அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் அதன் அளவு. எடையை மருந்தறைப் பக்கமாக உள்ளே விட்டு, குழல்வாய் வழியே ஒரே இழுப்பில் இழுப்பது விதி. பாதியில் நிறுத்தினாலும் கயிறு குழல்வாயின் விளிம்பில் உரசினாலும் குறிதவறும் அளவுக்குத் தேய்மானம் ஏற்படும். இந்த மரபில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை.

பொருள்களை மலிவாக்கியது கோயம்புத்தூரின் தொழில் வளர்ச்சி. 1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும், 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைகளும் ‘ஸ்பிண்டில் ஆயில்’ எனப்படும் மெல்லிய கனிம எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாக நுகர்ந்தன. வேகமாகச் சுழலும் நூற்புக் கதிருக்கு ஏற்ற அந்த எண்ணெயும் தையல் இயந்திர எண்ணெயும் துப்பாக்கி எண்ணெயும் தடிமனில் நெருங்கிய இனத்தவை. ஆலைக் கழிவான ‘காட்டன் வேஸ்ட்’, பிற்காலத்தில் திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலிருந்து வந்த ‘பனியன் வேஸ்ட்’ ஆகியவை பட்டறைதோறும் கைதுடைக்கும் துணியாயின. நூல் பிரியாமலும் எண்ணெயை நன்கு உறிஞ்சியும் நிற்கும் பனியன் துணி, சிந்தி வெட்டுவதற்கும் ஏற்றது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் முயற்சியிலிருந்து வளர்ந்த மோட்டார் தொழில், காந்திபுரத்தைப் பேருந்து நிலையங்களின் ஊராக மாற்றியது. அதைச் சுற்றி உதிரிபாகக் கடைகளும் ஆயில் கடைகளும் லேத் பட்டறைகளும் அமைந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரியைக் கழுவி, துடைத்து, புது ஆயில் பூசும் வரிசையைக் கார்புரேட்டர் மெக்கானிக்கும் துப்பாக்கி பழுதுபார்ப்பவரும் ஒன்றாகவே அறிந்திருந்தனர்.

மோட்டார் எண்ணெய்க்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவை உலக அளவில் ஒரு கலவை விளக்குகிறது. அமெரிக்காவின் ஃபிராங்க்ஃபோர்டு படைக்கல ஆலையில் வழங்கிய பழைய துப்புரவுக் கலவை ஒன்றைத் தளபதி ஜூலியன் ஹாட்சர் 1947இல் வெளியான தம் குறிப்பேட்டு நூலில் பதிவுசெய்தார். அதில் மண்ணெண்ணெய், டர்பன்டைன், அசிட்டோன் ஆகியவற்றோடு ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயும் இருந்தது. பிற்காலத்தில் சி.இ. ஹாரிஸ் என்ற எழுத்தாளர் அதைத் திருத்தி, திமிங்கில எண்ணெய்க்குப் பதிலாகத் தானியங்கிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயையும் டர்பன்டைனுக்குப் பதிலாக மினரல் ஸ்பிரிட்டையும் சேர்த்து, நான்கு பொருள்களையும் சம பங்காகக் கலக்கச் சொன்னார். ஏ.டி.எஃப். எண்ணெயிலேயே 1970களின் தொடக்கம்வரை திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது. திமிங்கில வேட்டைக்கு எதிரான சட்டங்கள் வந்தபின் வேதியியலாளர் அதற்குச் செயற்கை ஈடு கண்டனர். அந்தச் சிவப்பு எண்ணெய் இந்தியாவில் பேருந்து, லாரிகளின் பவர் ஸ்டீரிங்கிலும் ஊற்றப்படுவதால், காந்திபுரம் போன்ற பேருந்து மையத்துக்கு அந்நியமானதல்ல. 1903இல் ஃபிராங்க் ஹாப்பி அமெரிக்காவில் தயாரித்த புகழ்பெற்ற ‘நம்பர் 9’ கரைப்பானிலும் அடிப்படைப் பொருள்களுள் ஒன்று மண்ணெண்ணெய்தான்.

மலிவானவை எல்லாம் பொருத்தமானவை ஆகிவிடவில்லை. வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலில் கரித்துகளும் அமிலமும் உலோகப் பொடியும் கலந்திருப்பதால் அது காக்க வேண்டியதையே கெடுக்கும்; தோலுக்கும் தீங்கானது. பெட்ரோல் கரியைக் கரைத்தாலும் அதன் ஆவி ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் கழுவுமே தவிரக் காக்காது; அது ஆவியானபின் எண்ணெய் தடவாத குழல் துருப்பிடிக்கும். அசிட்டோனும் பிரேக் கிளீனரும் கட்டைப்பிடியின் வார்னிஷையும் பிளாஸ்டிக் பாகங்களையும் அரிக்கும். 1953இல் ஏவுகணையின் மேற்பரப்பிலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவான ‘டபிள்யூ.டி. 40’ அந்த வேலையைச் செம்மையாகச் செய்தாலும், நெடுநாள் மசகாக நிற்பதில்லை. இவை எதையும் தொடுமுன் தோட்டாவை அகற்றி, மருந்தறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது எல்லாப் பயிற்சி மரபுகளுக்கும் பொதுவான முதல் விதி.

கொங்கு நாட்டில் சட்டமும் துப்புரவின் நோக்கத்தை மாற்றியது. 1877இல் நீலகிரியில் வேட்டைக்காரர் சங்கம் தோன்றிய காலத்தில் துப்பாக்கி அடிக்கடி சுடப்பட்ட கருவி. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கி அதைச் சிலரின் உடைமையாகச் சுருக்கியது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தபின், பயிர்க்காவலுக்கோ தற்காப்புக்கோ உரிமம் பெற்ற ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பெரும்பாலும் பெட்டியில் உறங்கத் தொடங்கின. தேர்தல்தோறும் அவற்றைக் காவல் நிலையத்திலோ ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டிய நிலையும் உண்டு. வங்கிக் காவலர் தோளில் தொங்கும் துப்பாக்கியும் ஆண்டுக்கணக்கில் சுடப்படாமல் போவதுண்டு. சுடாத குழலில் கரி இல்லை. அதன் பகை பருவமழையின் ஈரமும் தொட்ட கையின் வியர்வையும் மட்டுமே. அதற்குக் கரைப்பான் தேவையில்லை, மெல்லிய கனிம எண்ணெய்ப் படலமும் மாதமொருமுறை துடைக்கும் பழக்கமும் போதும்.

ஆக, இந்த வரலாறு விலை மலிவைவிட எச்சத்தின் இயல்பையே மையமாகக் கொண்டது. உப்புக்கு நீர், எரியாத மருந்துக்குக் கரைப்பான், ஈரத்துக்கு எண்ணெய் என்ற மூன்று பொருத்தங்களும் கருமருந்துக் காலத்திலிருந்து அருவங்காட்டு ஆலை வழியாக இன்றைய ஆயில் கடைவரை மாறாமல் வந்துள்ளன. மாறியவை புட்டியும் பெயருமே. எச்சத்தை அறியாதவருக்கு விலையுயர்ந்த புட்டியாலும் பயன் இல்லை என்பதை, எண்ணெய்ப் படலத்தின் அடியில் துருப்பிடித்த அந்தக் கால இராணுவத் துப்பாக்கிகளே மெய்ப்பித்துவிட்டன.