இசைத்தட்டின் கதை – 14: லஷீனில் அச்சான ப்ளூஸ்

பெர்லினர் குடும்பத்தில் என் நாயகன் இசைத்தட்டைக் கண்டுபிடித்த அப்பா எமில் அல்ல, மூத்த மகன் ஹெர்பர்ட்தான். கனடாவின் மான்ட்ரியலில் அப்பாவின் கம்பெனியில் இருந்தபடியே 1918-ல் பக்கத்து லஷீனில் 'காம்போ' என்ற தட்டு ஆலையைத் தொடங்கினார். 1921-ல் அப்பாவின் கம்பெனியை விட்டே வெளியேறினார். அந்தக் கம்பெனியின் நாய்ச் சின்னத்தின் நிழலில் சுகமாகக் காலம் தள்ளியிருக்கலாம். மனுஷனுக்கு அது பிடிக்கவில்லை.

1920-ல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று வியாபாரிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சந்தைக்காக ஹெர்பர்ட் 1923-ல் 'அஜாக்ஸ்' முத்திரையைக் கொண்டுவந்தார். பாட்டு பெரும்பாலும் நியூயார்க்கில் பதிவாகும். லஷீனில் அரக்குக் கலவையைச் சூடாக்கி, அச்சில் வைத்து அழுத்தி, தட்டாக்கி எல்லை தாண்டி அனுப்புவார்கள். மேமி ஸ்மித்தே அஜாக்ஸுக்குப் பாடினார்.

பொதுச் சந்தைக்கான 'அபெக்ஸ்' தட்டும் காம்போவின் சரக்குதான். நடுவில் இருக்கும் வட்டக் காகிதம் மாறினால் போதும், ஒன்று கறுப்பினத்தவருக்கான 'ரேஸ் ரெக்கார்டு', இன்னொன்று வெறும் பாட்டு. தெற்கத்திக் கறுப்பினப் பாடகர்கள் கதைப்பாட்டும் வால்ட்ஸும்கூடப் பாடிப் பிழைத்தார்கள். கம்பெனிகள் அவர்களிடம் கேட்டதோ ப்ளூஸ். விற்பனைக்காகப் போட்ட இந்த வேலியை, பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் இசையின் இயற்கையான எல்லை என்று எழுதிவைத்தார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நம்மூரிலும் இதே கதைதான்: கிட்டப்பா, சுந்தரம்பாள் குரல் தட்டில் இருக்கிறது, வரலாற்றிலும் இருக்கிறது. நாற்று நட்டபடி பாடியவளை எந்தக் கம்பெனி தேடிப்போனது?

ஹெர்பர்ட் ஒரு நல்ல காரியம் செய்தார். மான்ட்ரியலில் வாசித்துக்கொண்டிருந்த மில்லார்டு தாமஸின் கறுப்பினக் குழுவை 1924-ல் பதிவுசெய்தார். அடுத்த ஆண்டே அஜாக்ஸ் படுத்துவிட்டது. அதன்பின் மான்ட்ரியலின் செயின்ட் ஆன்டோயின் தெருப் பக்கம் இரவு இரவாக ஜாஸ் கேட்டது. ரயில் போர்ட்டராக இருந்த ரூஃபஸ் ராக்ஹெட் 1928-ல் அங்கே தன் கிளப்பைத் திறந்தார். அந்த வாசிப்பில் தட்டேறியது சொற்பம். 1945-ல் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி மான்ட்ரியல் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனைப் பதிவுசெய்தது. மான்ட்ரியல் ஜாஸ் என்றதும் பலர் அந்த ஆண்டிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். பீட்டர்சனுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த அக்கா டெய்ஸியையும், அந்தத் தெருவில் இருபது வருஷம் விடிய விடிய வாசித்தவர்களையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஹெர்பர்ட் இந்த வார இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். காம்போ ஆலைக்கு 1929-ல் வந்து, கியூபெக்கின் ஏழை வீடுகளையெல்லாம் தட்டு வாங்க வைத்த மேரி ட்ராவர்ஸ் என்ற 'லா போல்டுக்' அடுத்த வாரம் பாடுவார்.