தனிநபர் பின்னூட்டம் (மாணவர் மதுப்பழக்கம்)

அளவுமீறிக் குடிக்கும் கல்லூரி மாணவருக்கு, அவர் தந்த விவரங்களையே கணக்கிட்டுக் காட்டிக் குடியைக் குறைக்கத் தூண்டும் குறுகிய கால உளவியல் முறை. அமெரிக்காவில் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஆலன் மார்லட் குழுவினர் 1990களில் உருவாக்கிய ‘பேசிக்ஸ்’ திட்டம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. முதல் சந்திப்பில் மாணவரின் குடிப்பழக்கம் கேட்டறியப்படும். அடுத்த சந்திப்பில் அவர் கையில் ஒரு தாள் தரப்படும். வாரத்துக்கு எத்தனை கோப்பை, இரத்தத்தில் ஏறிய ஆல்கஹால் அளவு, நேர்ந்த பாதிப்புகள் ஆகியவை அதில் இருக்கும். சக மாணவர்கள் குடிப்பதாக அவர் எண்ணிய அளவும், அவர்கள் உண்மையில் குடிக்கும் அளவும் அருகருகே நிற்கும். பெரும்பாலும் உண்மை அளவே குறைவு. ஆலோசகர் கண்டிப்பதில்லை; முடிவை மாணவரிடமே விடுகிறார். பின்னாளில் இம்முறை இணையவழியிலும் பரவியது. பலன் மிதமானது, நாளடைவில் தேய்வதும் உண்டு. குடிநோய் முற்றியவருக்கு இது போதாது. முறையான சிகிச்சை அவசியம்.