மூன்றாம் நிலை

நான் பனியைத் தொட்டது ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் மட்டும்தான். ஆனாலும் மூன்று வருஷமாக, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். அங்கே மாலை 5 மணிக்கு அது வெளியாகும். அப்போது இங்கே நள்ளிரவு 12. எந்த மலைப்பகுதியில் எவ்வளவு புதுப்பனி விழுந்தது, எந்தத் திசை பார்த்த சரிவில் ஆபத்து, எத்தனை மீட்டருக்கு மேல் என்று எல்லாம் இருக்கும். அதற்கு மேலே 1 முதல் 5 வரை ஓர் எண்.

இந்தப் பழக்கம் வேலையிலிருந்து வந்தது. நான் சிவில் இன்ஜினியர். மலைச்சாலை ஓரச் சரிவுகளில் மழைமானியும் மண் நகர்வை அளக்கும் கருவிகளும் பொருத்தி, அளவு எல்லை தாண்டினால் எச்சரிக்கை அனுப்புவது என் வேலை. பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறம். ஒரு மழைக்கால இரவில் நான் மஞ்சள் அனுப்பினேன். சாலையை இரண்டு நாள் மூடினார்கள். ஒரு கல்கூட உருளவில்லை. சைட்டில் என் மூத்தவர் தேத்தாரே வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஒவ்வொரு மழைக்கும் இப்படி மூடினா, நெஜமா விழுற அன்னைக்கு நம்மள யாரு நம்புவா?"

என்னிடம் பதில் இல்லை. யாராவது இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்திருப்பார்கள் என்று தேடியபோதுதான் டாவோஸ் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

டாவோஸ் கிழக்கு சுவிட்சர்லாந்தில் சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிச்சறுக்குக்கு முன்னால் அது காசநோயாளிகளின் ஊர். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், நோயுற்ற மனைவியை அழைத்துக்கொண்டு அங்கே போய்த் தங்கியவர். 1894 மார்ச்சில் பிராங்கர் சகோதரர்கள் என்ற இரண்டு உள்ளூர்க்காரர்களோடு, மரப்பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, மலையைத் தாண்டி அரோசா என்ற ஊருக்குப் போனார். ஒருநாள் ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் இதற்காகவே வருவார்கள் என்றும் எழுதினார். சரியாகத்தான் சொன்னார். அன்றைக்கு அந்த மூன்று பேருக்கும் சரிவின் நிலை பற்றிச் சொல்ல எந்த அறிக்கையும் இல்லை. சகோதரர்களின் கண்ணும் அனுபவமும்தான்.

நாற்பது வருஷத்தில் நிலைமை மாறிவிட்டது. 1931-32இல் டாவோஸிலிருந்து வைஸ்ஃபுலுயோக் என்ற மலைமுகடு வரைக்கும், 2,660 மீட்டர் உயரத்துக்கு, கம்பிவட இழுவை ரயில் ஓடத் தொடங்கியது. 1934 டிசம்பரில் போல்கன் சரிவில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்ற பொறியாளர் வடிவமைத்த இழுவை லிஃப்ட் வந்தது. முன்பு அரை நாள் ஏறினால்தான் ஒரு தடவை சறுக்க முடியும். இப்போது டிக்கெட் வாங்கினால் போதும். மலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் மலை உச்சியில் போய் இறங்கினார்கள்.

பனியை ஆராய்ந்தவர்களும் இதே ரயிலில்தான் மேலே போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1936இல் வைஸ்ஃபுலுயோக்கில் ஓர் எளிய மரக்குடிலில் ஆய்வு தொடங்கியது. அதில் முக்கியமானவர் ராபர்ட் ஹாஃபெலி. அவர் வானிலைக்காரர் இல்லை, மண்ணியக்கவியல் பொறியாளர், அதாவது என் துறைக்காரர். மண்ணைச் சோதிப்பதுபோலப் பனியைச் சோதித்தார். அவர் உருவாக்கிய கருவி ஒரு கூம்புமுனைத் தடி. அதன் மேல் எடையை விழவிட்டு, எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எண்ண வேண்டும். நம்ம சைட்டில் மெக்கின்டாஷ் புரோப் அடித்தவர்களுக்கு இது உடனே புரியும். அதே வேலை, மண்ணுக்குப் பதிலாகப் பனி.

அவர்கள் கண்டது என்ன? மலைமேல் கிடக்கும் பனி ஒரே பொருள் இல்லை. அடுக்கடுக்காக இருக்கிறது, விழுந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கிறது. அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரி. மேற்பரப்போ கடும் குளிரில். இந்த வித்தியாசத்தால் நீராவி கீழிருந்து மேலே நகர, அடியிலுள்ள துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய படிகங்களாகிவிடுகின்றன, சீனி மாதிரி. அதன் மேல் புதுப்பனி பலகைபோல இறுகி உட்காரும். பார்த்தால் அழகான வெள்ளைச் சரிவு. ஒரு மனிதரின் எடை போதும், முழுப் பலகையும் உடைந்து கிளம்பிவிடும். பனி குறைவாக விழுந்த முன்குளிர்காலத்தில் இந்தச் சீனி அடுக்கு இன்னும் மோசமாக உருவாகும். "இந்த வருஷம் பனியே இல்லை" என்று ஹோட்டல்காரர் புலம்பும் வாரங்களில்தான் ஜனவரி மரணங்களுக்கான அடித்தளம் போடப்படுகிறது.

போர்க்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை ராணுவத்தின் கையில் இருந்தது. 1945இல் அந்தப் பொறுப்பு டாவோஸ் ஆய்வு நிலையத்துக்கு வந்தது. பொதுமக்களுக்கான அறிக்கையும் அப்போதுதான் தொடங்கியது.

ஆறு வருஷம்கூட ஆகவில்லை. 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் பனிச்சரிவில் 98 பேர் இறந்தார்கள். ஜனவரி 20ஆம் தேதி வால்ஸ் என்ற கிராமத்தில் 19 பேர். இவர்களில் பெரும்பாலோர் சறுக்க வந்தவர்கள் அல்ல, வீட்டில் இருந்தவர்கள். அதன் பிறகுதான் கிராமங்களுக்கு மேலே சரிவுகளில் இரும்புத் தடுப்புகள் வரிசையாக எழுந்தன, எங்கே வீடு கட்டலாம் என்று வரைபடங்கள் வந்தன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சறுக்குத் தலம் வெளியிடும் பனி நிலவரமும் இந்த ஆபத்து அறிக்கையும் ஒன்றல்ல. "நேற்றிரவு 50 சென்டிமீட்டர்" என்பது இரண்டிலும் இருக்கும். தலத்தின் பலகையில் அது அழைப்பு, அறிக்கையில் எச்சரிக்கை. தலத்துக்காரர்கள் அடையாளமிட்ட பாதைகளுக்கு மேலே வெடிவைத்துப் பனியை வேண்டுமென்றே இறக்கிவிட்டுத்தான் பாதையைத் திறப்பார்கள். அறிக்கையின் எண் அந்தப் பாதைகளுக்கு வெளியே இருக்கும் மலைக்கு. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஜின்மனும் ஜிட்ஸெவிட்ஸும் வட அமெரிக்கச் சறுக்குத் தலங்களை ஆராய்ந்தபோது, வார இறுதிகளில் தலங்கள் அறிவிக்கும் புதுப்பனி மட்டும் கூடுதலாக இருந்தது. வானத்துக்குச் சனி ஞாயிறு தெரியாதே! சறுக்குபவர்கள் கைப்பேசிச் செயலியில் உடனுக்குடன் உண்மையைச் சொல்லத் தொடங்கிய பிறகு அந்த மிகை குறைந்ததாம்.

1993இல் ஐரோப்பிய நாடுகள் தங்கள் தனித்தனி அளவுகளை விட்டுவிட்டு ஒரே ஐந்து நிலைக்கு ஒத்துக்கொண்டன: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். (அதே ஆண்டு டிசம்பரில்தான் இங்கே ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் போனார்கள்.) இந்த அளவு அடிமட்டம்போலச் சீராக ஏறுவதில்லை. ஒவ்வொரு படியிலும் ஆபத்து மடங்காகப் பெருகும். ஆனால் மனித மனம் ஐந்தில் மூன்றைப் பார்த்தால் "நடுவாந்திரம்தானே" என்கிறது. சுவிஸ் மரணங்களில் ஏறக்குறைய பாதி மூன்றாம் நிலை நாட்களில்தான் நடக்கின்றன. நான்கு, ஐந்து வந்தால் ஜனங்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் வானம் தெளிந்திருக்கும், பனி புதிதாக இருக்கும், விடுப்பு முடிய இரண்டு நாள்தான் இருக்கும். சிக்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர்மேல் விழுந்த சரிவை அவர்களோ கூட வந்தவர்களோதான் கிளப்பிவிட்டிருப்பார்கள்.

இதைப் படித்த இரவில் என் மஞ்சள் நிறத்தை நினைத்துக்கொண்டேன்.

1999 பிப்ரவரியில் ஆல்ப்ஸில் மறுபடி பெரும்பனி. ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்தில் 31 பேர் இறந்தார்கள். பாதுகாப்பானது என்று வரைபடம் காட்டிய பகுதிக்குள்ளும் பனி புகுந்தது. சுவிட்சர்லாந்தின் எவோலெனில் 12 பேர். அங்கே ஊராட்சித் தலைவரும் பாதுகாப்புப் பொறுப்பாளரும், சாலையையும் வீடுகளையும் காலி செய்யச் சொல்லவில்லை என்று வழக்கில் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அந்தப் பொறுப்பாளரை நான் அடிக்கடி யோசிக்கிறேன். மூடியிருந்து ஒன்றும் விழாமல் போயிருந்தால், ஊர் அவரை என்ன சொல்லியிருக்கும்? யாராவது ஒரு மூத்தவர் தேநீர் வாங்கிக் கொடுத்து மெதுவாகப் பேசியிருப்பார்.

இன்று மலைகளில் தானியங்கி நிலையங்கள் நிறைய இருக்கின்றன. அப்படியும் சுமார் 200 பேர் காலையில் எழுந்துபோய் அளவுகோலைப் பார்க்கிறார்கள், பலகையில் விழுந்த புதுப்பனியை அளந்துவிட்டுத் துடைத்து வைக்கிறார்கள். வைஸ்ஃபுலுயோக் அளவைத் திடல் 1936 முதல் இப்படி இயங்குகிறது. அறிக்கையில் எண்ணுக்குக் கீழே வரும் வாக்கியங்கள்தான் எனக்கு ஆச்சரியம். எந்த அடுக்கு பலவீனம், அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, எந்தத் திசைச் சரிவைத் தவிர்க்க வேண்டும் என்று சாதாரண மனிதருக்குச் சொல்வதுபோல எழுதியிருப்பார்கள்.

போன நவம்பரில் மறுபடி மழை. அதே சரிவு, அதே மஞ்சள். இந்த முறை நிறத்தோடு நாலு வரி சேர்த்து எழுதினேன்: மேல் வளைவில் வடிகால் அடைத்திருக்கிறது, மூன்று நாளாக மண் காயவில்லை, நகர்வு சிறியது ஆனால் நிற்கவில்லை, விழும் என்று சொல்ல முடியாது, அந்த வளைவில் மட்டும் வண்டி நிறுத்த வேண்டாம். மூத்தவர் ஒரு கட்டைவிரல் அனுப்பினார். பிறகு அழைத்தார்.

"எவ்வளவு நேரம் தம்பி?"

"தெரியலண்ணே. மழை நிக்கிற வரைக்கும்."

ஒரு பக்கம் மட்டும் கூம்பு வைத்து மறித்தார்கள். நான் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு விடியும்வரை மழைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.