தீவகத்தார் உணவும் பனையும்

ஒரு நாட்டின் வரலாறு, அரசர் முடிசூடிய நாள்களுள்ளும் போர் நிகழ்ந்த களங்களுள்ளும் முற்றும் அடங்கிவிடுவதன்று. மக்கள் எதனை உண்டு வாழ்ந்தனர், பஞ்சம் வந்துற்றபோது எதனைக் கொண்டு தம் பிள்ளைகளைக் காத்தனர் என்பனவும் வரலாறேயாம். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை மன்னர் மரபினைப் பேசுகின்றது. அடுக்களையைப் பேசுதல் அந்நூலின் நோக்கமன்று. அது கூறாது விட்ட வரலாற்றின் ஒரு பகுதி, எழுவைதீவு முதலிய தீவுகளின் கூழ்ப்பானையிலே எஞ்சியிருக்கின்றது.

எழுவைதீவு, ஊர்காவற்றுறைக்கு மேற்கே, அனலைதீவுக்கு அயலிலே, ஒரு சதுர மைற் பரப்பும் நிரம்பாது கிடப்பது. ஆறு இல்லை, அடிநிலம் சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் கல்லினூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கும். கிணற்றிலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். இத்தகைய நிலத்திலே ஆண்டு முழுவதும் நெல்லை நம்பி வாழ்தல் இயலாது. கடல் மீனைத் தந்தது; பனை மாவையும் இனிப்பையும் தந்தது. இவ்விரண்டினிடையே அமைந்ததே தீவக உணவு.

பனையுணவு தமிழர்க்குப் புதியதன்று. சோழன் நலங்கிள்ளியின் படைப்பெருக்கத்தைப் பாடிய ஆலத்தூர் கிழார், படையின் முன்னணியினர் நுங்கை உண்ண, இடையணியினர் பழத்தை உண்ண, கடையணியினர் சுட்ட கிழங்கை உண்டனர் என்கின்றார். புறநானூற்றின் 225ஆம் பாட்டிற் காணும் இச்செய்தி, படையின் நீளத்தைக் காட்டவந்ததாயினும், ஒரே மரத்தின் பயன் பருவந்தோறும் மாறிமாறி உணவாகும் முறையினையும் உடன் உணர்த்துகின்றது.

அம்முறையே தீவகத்தின் பஞ்சாங்கமாயிற்று. இளவேனிலிலே சுண்ணாம்பு பூசிய முட்டிகளிற் கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவர். அதனைக் குட்டான்களில் இட்டுச் சேமிப்பர். ஆவணி, புரட்டாதியிற் பழம் விழும். அதன் களியைப் பிழிந்து, பாயிற் பரப்பி, படைபடையாக வெயிலிற் காயவைத்தாற் பனாட்டு ஆகும். எஞ்சிய விதைகளை மழைக்கு முன்னரே பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடுவர். தை, மாசியிற் கிழங்கு கிளம்பும். பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். நன்கு உலர்ந்த ஒடியல் அடுத்த மாரிவரை கெடாது. உணவில்லாக் காலத்தை முன்னறிந்து, உணவுள்ள காலத்திலேயே அதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு இஃது.

ஒடியல்மாவிற்கு இயல்பாகவே கசப்பு உண்டு. அதனை நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்தே பெண்கள் சமைப்பர். அவுஸ்திரேலியப் பழங்குடியினரும் சைக்கசு விதையின் நஞ்சினை நீரில் ஊறவைத்துப் போக்கி, அதன் மாவைச் சுட்டு உண்டனர். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கட்கூட்டத்தார், வறண்ட நிலம் கொடுத்ததை உண்ணத்தக்கதாக்கும் வழியை நீரிலே கண்டமை சிந்திக்கற்பாலது. பசியே இருவர்க்கும் ஆசிரியனாயிற்றுப் போலும்.

இனி, ஒடியற்கூழின் பானையைச் சற்று நோக்குவாம். மீனும் நண்டும் இறாலும் அயற்கடலின. பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் தோட்டத்தின. மாவோ பனையினது. செத்தல் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தின. பழந்தமிழிற் ‘கறி’ என்பது மிளகையே குறித்தது. போர்த்துக்கேயர் வருகையின் பின்னர் இந்நாடுகளிற் பரவிய புதுக்காய்க்கு, மிளகின் உறைப்பை ஒத்தமையின், மிளகாய் என்று பெயரிட்டனர். 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட போர்த்துக்கேயர் போயினர். 1658இல் வந்த ஒல்லாந்தரும், 1795இல் வந்த பிரித்தானியரும் போயினர். ஒல்லாந்தர் ஊர்காவற்றுறைத் தீவுக்கு இட்ட லெய்டன் என்னும் பெயரும், அனலைதீவுக்கு இட்ட றொட்டர்டாம் என்னும் பெயரும் மக்கள் நாவில் நிலைக்கவில்லை. மிளகாய் நிலைத்துவிட்டது. ஆட்சி தந்த பெயரைத் தள்ளி, கப்பல் தந்த காயைத் தமதாக்கிக்கொண்ட மக்களின் தெரிவு அக்கூழிற் கரைந்துள்ளது.

பிரித்தானியர் காலத்திற் பர்மா அரிசி பெருகவே, ஒடியல் ஏழையின் உணவென்று இகழப்படலாயிற்று. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அவ்வரிசி நின்றது; இலங்கையெங்கும் பங்கீடு வந்தது. இகழப்பட்ட கிழங்கு அப்பொழுது மீண்டும் தேடப்பட்டது. 1990இற் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். குடாநாட்டிற்குப் பல பொருள்கள் வருதலும் தடைப்பட்டது. அக்காலத்தும் பனையே கைகொடுத்தது.

இவ்வுணவினை ஆக்கியோர் யாவர்? உயிரைப் பணயம் வைத்து மரமேறிய தொழிலாளர். பாத்தியிட்டு, பிளந்து, உலர்த்தி, இடித்து, அரித்த பெண்கள். முன்னவரைச் சமூகம் நெடுங்காலம் தாழ்த்தியே வைத்தது. அவர் இறக்கிய கருப்பநீரை உண்டோர் பலர், அவரைத் தம் திண்ணையில் இருத்தியோர் சிலர். அயல்நாட்டவராகிய வில்லியம் பேகுசன் 1850இலேயே பனையைப்பற்றித் தனிநூல் வெளியிட்டார். பனங்கிழங்குண்டு வளர்ந்த நம்மவரோ அதனை ஆராய்ச்சிக்குரிய பொருளாக எண்ணுதற்கு நெடுங்காலம் தயங்கினர். பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது 1978ஆம் ஆண்டிலேயாம்.

இன்று தொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் தமிழ்க்கடைகளில் ஒடியல்மா பொதியாகக் கிடைக்கின்றது. கூழ் காய்ச்சும் நாளில் உறவினர் ஒன்றுகூடுகின்றனர். பிளாவுக்குப் பதிலாகக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கின்றனர். சுவை கடல் கடந்துவிட்டது. ஆயின் விதையை எத்துணை ஆழத்திற் புதைப்பது, கிழங்கை எந்நாளிற் கிளறுவது, மாவின் கசப்பு எப்பொழுது போயிற்றென நாவால் அறிவது ஆகிய அறிவு பொதியில் அடைபடுவதன்று. அது முதியோர் கையிலும் வாயிலும் உள்ளது. அவரோடு மறையவும் கூடும்.

ஆகலின் தீவக வரலாற்றைக் கற்க விழையும் மாணவர், சாசனங்களையும் கோட்டைகளையும் தேடுதலோடு அமையாது, தம் பாட்டியரிடமும் மரமேறிய முதியோரிடமும் சென்று வினவி எழுதிக்கொள்வாராக. நெல் விளையாத நிலத்தில் ஒரு சமூகம் நூற்றாண்டுகள் பலவாக நிலைபெற்றமைக்கு அவரே சான்று.