பாடாத பெட்டியும் அதன் பின்னுள்ள வரலாறும்



வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய மடிக்கணினியில் லுபுண்டு, பப்பி போன்ற இலகுவான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பிள்ளைகளிடம் கொடுப்போர் நம்மிடையே உண்டு. புதிய விண்டோசைத் தாங்க இயலாத கணினி இவ்வாறு மறுவாழ்வு பெறுகிறது. ஆனால் தமிழ்ப் பாடல் ஒன்றையோ, கேட்டல் கருத்தறிதல் பயிற்சி ஒன்றையோ இயக்கியவுடன் மூன்று குறைகளுள் ஒன்று தலைகாட்டக்கூடும். ஒலி வராது, அல்லது கோப்பே திறக்காது, அல்லது பாடலின் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் புரியாத குறிகள் நிற்கும்.

பலரும் உடனே மீடியா பிளேயரைக் குறை கூறுவர். ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுவுவர். குறை அப்படியே இருக்கும். ஏனெனில் இம்மூன்று குறைகளும் பெரும்பாலும் பிளேயரில் பிறப்பவை அல்ல. அதற்குக் கீழே உள்ள அடுக்குகளில் பிறப்பவை. அவ்வடுக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தால் பழுதை எங்கே தேடுவது என்பதும் விளங்கும். அவ்வரலாறுகளுள் இரண்டு நம் சிங்கப்பூர் வழியே செல்கின்றன என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது.

ஒலியின் வழி

1980களில் தனியாள் கணினிகள் 'பீப்' என்னும் ஓசைக்கு மேல் அதிகம் அறியாதவை. அந்நிலையை மாற்றியோருள் முதன்மையானவர் சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ. அவர் தம் நண்பருடன் சேர்ந்து 1981இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறிய கணினிப் பழுதுபார்ப்புக் கடையாகத் தொடங்கியதே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம். 1989இல் அந்நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் ஒலி அட்டையை வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே அது உலகெங்கும் கணினி ஒலிக்கு ஓர் அளவுகோலாக அமைந்தது. 1992இல் அந்நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. சிம் வோங் ஹூ 2023 சனவரியில் காலமானார்.

இதற்கும் லினக்சுக்கும் என்ன தொடர்பு? லினக்சின் கருநிரலை 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதே நாட்டைச் சேர்ந்த ஹன்னு சவோலைனென் அதற்கு ஒலியைத் தரும் டிரைவரை எழுதினார். அவர் அதை எழுதியது சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கே. ஆக, லினக்ஸ் முதன்முதலில் வாய் திறந்தபோது சிங்கப்பூர் வடிவமைத்த அட்டையின் வழியே திறந்தது எனலாம். 1999இல் கிரியேட்டிவ் நிறுவனமும் தன் 'சவுண்ட் பிளாஸ்டர் லைவ்' அட்டைக்கான டிரைவரின் மூலநிரலை எல்லாரும் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டது.

பின்னர் அடுக்குகள் பெருகின. 1998இல் செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசெலா 'ஆல்சா' என்னும் புதிய ஒலி முறையைத் தொடங்கினார். 2003 இறுதியில் வந்த 2.6 கருநிரலில் அதுவே முதன்மை முறையானது. அதன்மேல் 2004இல் 'பல்ஸ்ஆடியோ' தோன்றி, 2007, 2008ஆம் ஆண்டுகளில் பெரிய லினக்ஸ் வெளியீடுகளில் இடம்பெற்றது. அதன் இடத்தைப் பிடிக்க 'பைப்வயர்' வந்தது. இலகுவான இயங்குதளங்கள் சில, நினைவகத்தை மிச்சப்படுத்த இம்மேலடுக்கை விட்டுவிட்டு ஆல்சாவோடு நின்றுகொண்டன. ஒரே பிளேயர் ஒரு கணினியில் பாடி, மற்றொன்றில் ஊமையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எனவே ஒலி வராதபோது கீழிருந்து மேலாகச் சோதிக்க வேண்டும். முதலில் முனையத்தில் 'ஆல்சாமிக்சர்' கட்டளையைத் திறக்கவும். எஃப்6 விசையால் சரியான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுக்கவும். பட்டையின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் தெரிந்தால் அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது என்று பொருள். எம் விசையை அழுத்தினால் திறக்கும். பிறகு ஒலி ஒலிபெருக்கிக்குச் செல்கிறதா, திரைக்கான எச்டிஎம்ஐ வடத்துக்குச் செல்கிறதா எனப் பார்க்கவும். இறுதியாகவே பிளேயருக்கு வரவேண்டும். அதன் ஒலி வெளியீட்டுத் தெரிவைத் தானியங்கியாக மாற்றினால் பெரும்பாலும் போதும்.

பூட்டிய வடிவங்கள்

இரண்டாவது குறை, கோப்பு திறக்காமை. இது தொழில்நுட்பக் குறைபாடு என்பதைவிடச் சட்டத்தின் விளைவு என்பதே பொருந்தும். எம்பி3 முறைக்குரிய காப்புரிமைகள் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கழகம் முதலியோரிடம் இருந்தன. அதனால் 2002இல் ரெட் ஹேட் நிறுவனம் தன் 8.0 வெளியீட்டில் எம்பி3 வசதியை நீக்கியது. உபுண்டு குடும்பத்திலோ அதற்குத் தனித் தொகுப்பைப் பயனரே நிறுவ வேண்டியிருந்தது. 2017 ஏப்ரலில் அந்த உரிமத் திட்டம் முடிவுற்றது. ஆகவே, பழைய கணினியில் பழைய வெளியீடு இருப்பின் எம்பி3 ஊமையாக இருப்பதில் வியப்பில்லை. கட்டுப்பாடுள்ள வடிவங்களுக்கான கூடுதல் தொகுப்பை நிறுவினால் தீரும்.

இன்னொரு வழியும் உண்டு. 1996இல் பாரிசின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய முயற்சியே வி.எல்.சி. பிளேயர்; 2001இல் அது கட்டற்ற மென்பொருளாயிற்று. 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் நிரலகத்தின் துணையோடு, 1990களின் ரியல் ஆடியோ கோப்புகளையும் விண்டோஸ் மீடியா கோப்புகளையும்கூட அது பெரும்பாலும் இயக்குகிறது. மின்னணுப் பூட்டிட்டு விற்கப்பட்ட கோப்புகளை மட்டும் அது திறக்காது.

எழுத்தின் சிக்கல்

மூன்றாவது குறை தமிழராகிய நமக்கே உரியது. எம்பி3 கோப்பில் தலைப்பையும் பாடியவரையும் குறிக்கும் ஐடி3 என்னும் முறை 1996இல் வந்தது. தலைப்புக்கு அது ஒதுக்கிய இடம் 30 பைட் மட்டுமே. ஆங்கிலத்தில் அது 30 எழுத்து. யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வேண்டும். 'தாலாட்டு' என்னும் சொல் 24 பைட்டில் அடங்கிவிடும். 'திருக்குறள்' என்னும் சொல்லுக்கோ 33 பைட் தேவை. திருக்குறள் என்று முழுமையாக எழுதக்கூட அதில் இடமில்லை! பின்னர் வந்த ஐடி3 பதிப்புகளே இதைத் தீர்த்தன.

அக்காலத்தில் தமிழுக்குள்ளேயே ஒருமித்த குறியீடு இல்லை என்பதும் உண்மை. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் இயங்கிற்று. இதைத் தீர்க்க முனைந்தோருள் நம் தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியை மறத்தல் இயலாது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் அதில் இடம்பெற்றதற்கு அவர் உழைப்பு காரணம். அவர் உருவாக்கிய 'கணியன்' மென்பொருளும், 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாடும் உலகத் தமிழ்க் கணிமைக்கு வழிகாட்டின. 1999 மே மாதம் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு, 2000 சூலையில், இங்கு நடந்த தமிழ் இணைய மாநாட்டின்போதே உத்தமம் அமைப்பு உருவாயிற்று.

இவ்வரலாற்றைக் கொண்டு திரையில் தெரிவதை இவ்வாறு பிரித்தறியலாம். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. அதை நிறுவினால் போதும். இலத்தீன் எழுத்துகள் குறிகளுடன் கலந்து தெரிந்தால், தலைப்பு டிஸ்கி, டேப் முதலிய பழைய குறியீட்டில் உள்ளது; யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால், எழுத்தைக் கோக்கும் நிரல் பழையது. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை?

1997இல் கல்வி அமைச்சு 200 கோடி வெள்ளி செலவில் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அது முதல் தமிழாசிரியர்கள் கேட்டல் பயிற்சிகளையும் கதைகளையும் பாடல்களையும் கணினியில் சேர்த்து வந்துள்ளனர். வீடுகளிலும் பாட்டியின் தாலாட்டு, தாத்தா சொன்ன கதை எனப் பல பதிவுகள் உள்ளன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களுள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வீட்டில் தமிழ்க்குரல் குறையும்போது, பதிவில் உள்ள குரலின் மதிப்பு கூடுகிறது. "திறக்கவில்லை" என்று சொல்லி அழித்துவிடும் ஒவ்வொரு கோப்பும், மீண்டும் ஒலிப்பதிவு செய்ய இயலாத ஒரு குரலாக இருக்கலாம்.

ஆகவே நான்கு வேண்டுகோள்கள். பழைய பதிவு திறக்கவில்லை என்பதால் அழிக்க வேண்டா, வி.எல்.சி.யில் ஒருமுறை முயலுங்கள். திறந்தால், இழப்பின்றிச் சேமிக்கும் 'ஃபிளாக்' போன்ற கட்டற்ற வடிவில் ஒரு படியும், பிள்ளைகளின் அன்றாடப் பயன்பாட்டுக்கு எம்பி3 வடிவில் ஒரு படியும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரை யூனிகோடு தமிழில், பேசியவர் யார், எந்த ஆண்டு என்ற விவரத்தோடு எழுதுங்கள். முழுவதையும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்த பின்னரே பழைய வட்டைக் கைவிடுங்கள்.

அடுத்த பள்ளி விடுமுறை இதற்கு ஏற்ற காலம். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள், அவர்களும் கேட்கட்டும்.