குதிரைவீரரும் திரைப்படமும்: போலந்தின் சான்று

1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாம் நாள் ஜேர்மனியப் படைகள் போலந்தினுட் புகுந்தன. அன்று மாலை குரொயாந்தி என்னும் சிற்றூரின் அயலிலே, 18ஆம் உலான் படைப்பிரிவைச் சேர்ந்த குதிரைவீரர், காட்டோரத்தில் இளைப்பாறிய ஜேர்மனியக் காலாட்படையை வாளுருவித் தாக்கிச் சிதறடித்தனர். பின்னர் வெளிப்பட்ட கவசவண்டிகளின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு அவருட் பலர் இரையாயினர். படைத்தலைவர் மஸ்தாலெர்ஸும் மாண்டார். களத்தைப் பார்வையிட அழைத்துவரப்பட்ட பத்திரிகையாளரோ, குதிரைவீரர் தாங்கிகளின்மீது ஈட்டியுடன் பாய்ந்தனர் என எழுதினர். 1941இல் வெளிவந்த ஜேர்மனியப் பிரசாரப் படமொன்று இக்கட்டுக்கதையைக் காட்சியாகவே அமைத்தது. போலந்தியரைப் பேதையராகக் காட்டுதலே அதன் நோக்கம்.

உண்மையில் அக்காலப் போலந்துக் குதிரைவீரர் பெரும்பாலும் குதிரையினின்று இறங்கியே பொருதனர். அதே நாளில் மொக்ரா என்னுமிடத்தில், தாங்கியெதிர்ப்புப் பீரங்கிகளைக் கொண்டு, வொலின் குதிரைப்படையினர் ஜேர்மனியத் தாங்கிகள் பலவற்றை அழித்தமை வரலாறு.

இஃதிவ்வாறாக, 1959இல் அந்திரே வாய்டா இயக்கிய ‘லொட்னா’ என்னும் படத்தில், குதிரைவீரன் ஒருவன் தாங்கியின் பீரங்கிக் குழாயை வாளால் வெட்டுகின்றான்! பகைவன் இகழ்ச்சிக்காகப் புனைந்ததனை வாய்டா அவலமாக்க முயன்றார் போலும். அவருடைய தந்தையாரும் படையதிகாரியாயிருந்து 1940இற் சோவியத்துச் சிறையிற் கொல்லப்பட்டவரே. ஒருவர்பின் ஒருவராகத் தன் தலைவரை இழக்கும் வெண்புரவி நெஞ்சை உருக்குகின்றது. குதிரைமறம் பயின்ற தமிழ்ப் புலவர் அதனை வியந்திருப்பர். எனினும் பொய்க்கு அழகு சேர்த்தமை பொய்யை நிலைபெறச் செய்ததன்றிப் பிறிதன்று.

1973இல் பொஹ்தான் பொரெம்பா இயக்கிய ‘ஹூபால்’ வேறு வகையினது. அதன் கதையை எழுதிய யான் யோசெப் ஷெபான்ஸ்கி, 1939ஆம் ஆண்டுப் போரிற் படைவீரராக நின்றவர். படத்தின் தலைமகனான மேஜர் ஹென்றிக் டொப்ஷான்ஸ்கி, அனைத்துலகப் போட்டிகளிற் பங்குகொண்ட குதிரையேற்ற வல்லுநர். வார்சோ நகர் வீழ்ந்தபின்னரும் அவர் படைக்கலத்தைக் கீழே வைத்திலர். போர் முடியுமளவும் சீருடை களைவதில்லையெனச் சூளுரைத்து, ஒரு சிறு குழுவினருடன் கியெல்ச்சே நாட்டுக் காடுகளை அடைந்தார். பிரான்சும் பிரித்தானியாவும் வசந்தகாலத்தில் படையெடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. 1940இன் தொடக்கத்தில் அவரிடம் ஏறக்குறைய 300 வீரர் இருந்தனர்.

அவர்க்கு உணவும் வைக்கோலும் உறையுளும் தந்தோர் ஏழைக் குடியானவர். ஜேர்மனியர் பழிதீர்த்ததும் அவர்மேலேயே. மார்ச் மாத இறுதி முதல் ஏப்பிரல் 11 வரையில் 31 ஊர்களில் 712 பேர் கொல்லப்பட்டனர். ஸ்க்வோபி என்னும் ஓரூரில் மாத்திரம் 265 ஆடவர் மாண்டனர். இதனை அஞ்சியே தலைமறைவு இயக்கத்தார் படையைக் கலைக்குமாறு முன்னரே பணித்திருந்தனர். டொப்ஷான்ஸ்கியோ, விரும்பியோர் செல்லுக என விடுத்து, எஞ்சிய சிலருடன் தாம் நின்றார். இம்முடிவு வீரமா, பிடிவாதமா? போலந்தியர் இன்றும் ஒருமனப்பட்டிலர். போருக்கு முந்திய அரசின் அதிகாரியொருவரைப் பொதுவுடைமை அரசின் காலத்திற் போற்றிய துணிவு அப்படத்துக்கு உண்டு. ஆயினும் றிசார்ட் பிலிப்ஸ்கியின் கம்பீரத் தோற்றத்தின்முன் அக்குடியானவர் திரையின் ஓரத்திலேயே நிற்கின்றனர்.

1940 ஏப்பிரல் 30இல் அனியெலின் அருகே டொப்ஷான்ஸ்கி சீருடையுடனேயே வீழ்ந்தார். பகைவர் உடலை எடுத்துச் சென்றனர்; புதைத்த இடம் இன்றும் அறியப்படவில்லை.